அடியில் சிக்கும் நூலுக்கு மேலே பார்க்கவும்

நூலும் ஊசியும் விற்கும் நம் சகோதரர்களுக்கு, பெருநாள் நெருங்கும் காலத்தில் தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு. "நானா, நூல் சரியில்லை, துணிக்கு அடியில் நார் உருண்டை போல் சிக்கிக்கொள்கிறது" என்பார்கள். நாமும் வாடிக்கை போய்விடுமே என்று வேறு நூல் கண்டு கொடுத்து அனுப்பிவிடுவோம்.

அடியேனும் அப்படித்தான் செய்தேன். அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துப் பிழைக்கும் மாது ஒருவருக்கு இரண்டு முறை நூல் மாற்றிக் கொடுத்தேன். மொத்த வியாபாரியிடமும் போய், "கெட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்" என்று பலர் முன்னிலையில் பேசிவிட்டேன். மூன்றாம் முறை அம்மாது மிஷினையே கொண்டுவந்தார். எங்கள் அஞ்சடியில் தைத்துக்கொண்டிருந்த முதிய தையற்காரர் அதைப் பார்த்து, "தம்பி, சிக்கு அடியில்; கோளாறு மேலே" என்றார். மேல் நூலை அவிழ்த்து மறுபடி கோர்த்தார். அதே நூலில் தையல் சுத்தமாக விழுந்தது. மறுநாள் மொத்த வியாபாரியிடம் சென்று மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

காரணம் யாதெனில், ஒவ்வொரு தையலிலும் மேல் நூல் கீழே இறங்கி, கொக்கியில் மாட்டி, பாபினைச் சுற்றி வருகிறது. சுற்றியபின் மிச்ச நூலை மேலே இழுப்பது, மிஷினின் முன்புறம் ஏறி இறங்கும் கை. அக்கையின் துளையில் நூல் கோர்க்கப்படாவிட்டாலும், டென்ஷன் தகடுகளுக்கிடையே பதியாவிட்டாலும், மிச்ச நூல் திரும்பாமல் அடியிலேயே குவிந்துவிடும்.

ஆகவே, புகார் வந்தால் கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சார மிஷினானால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சிக்கை வெடுக்கென்று இழுக்காமல் கத்தரித்து எடுக்க வேண்டும். இழுத்தால் ஊசி வளையும்.

1. துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்து மேல் நூலைப் புதிதாகக் கோர்க்கவும். கால் இறங்கியிருந்தால் தகடுகள் இறுகியிருக்கும். நூல் உள்ளே புகாது. கோர்த்தபின் காலை இறக்கி நூலை இழுத்துப் பார்க்கவும். இறுக்கம் தெரிந்தால் சரி. தாராளமாக ஓடிவந்தால் பதியவில்லை.

2. தொடங்கும்போது இரு நூல்களையும் சுமார் 10 சென்டிமீட்டர் பின்னால் இழுத்து, முதல் இரண்டு மூன்று தையல்வரை பிடித்துக்கொள்ளவும். கைச்சக்கரம் தைப்பவரை நோக்கியே சுழலவேண்டும். கால் மிஷினில் மிதி தவறிச் சக்கரம் எதிர்ப்புறம் சுழன்றாலும் நூல் சிக்கும்.

3. ஊசி வளைந்தோ மழுங்கியோ இருந்தால் மாற்றவும். ஊசியில் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூலைக் காதில் நுழைக்க வேண்டும். சாதாரணப் பருத்தித் துணிக்கு 14ஆம் எண், வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 11, முரட்டு ஜீன்ஸ் துணிக்கு 16 பொருந்தும்.

4. பாபின் நூல் அதன் பெட்டியிலுள்ள வில்தகட்டின் கீழ் சென்றிருக்கிறதா என்று பார்த்து, அங்கே சேர்ந்த பஞ்சுத் தூசியைத் தூரிகையால் துடைக்கவும்.

5. இவ்வளவுக்குப் பின்னும் சரியாகாவிட்டால்தான் டென்ஷனைத் தொடலாம். மேலே ஒரு நிறமும் அடியில் வேறு நிறமும் போட்டுக் கந்தைத் துணியில் தைத்துப் பாருங்கள். மேல் நிறம் அடியில் வளையமாகத் தெரிந்தால் மேல் நூல் தளர்வு, சற்று இறுக்கவும். அடி நிறம் மேலே எட்டிப் பார்த்தால் மேல் நூலின் இறுக்கம் அதிகம்; சற்றுத் தளர்த்தவும். பாபின் பெட்டியின் சிறு திருகை முதலிலேயே திருப்புவோர், இருக்கும் கோளாறோடு புதுக் கோளாறையும் சேர்த்துக்கொள்வர்.

மக்கிப்போன பழைய நூலும் உலகில் இல்லாமலில்லை. ஆனால் அது பெரும்பாலும் அறுந்து போகும். இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

அறாத நூலானால், வேறு கண்டு எடுக்கு முன் வாடிக்கைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நூல் கோர்க்கும்போது காலைத் தூக்கினீர்களா?" என் கடையில் இப்போது இதைக் கேட்காமல் நூலை மாற்றுவதில்லை. இதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களில் அநேகர் மறுபடி வருவது புகாரோடல்ல, அடுத்த துணி வாங்கத்தான்.