ஈஸ்ட் சத்தும் கர்ப்பிணிகளின் இரத்தசோகையும்
(பழவேற்காட்டு ஏரிக்கரைச் சங்க அங்கத்தினர்களுக்கு)

மார்மைட் என்பது இங்கிலாந்து தேசத்தில் பர்ட்டன் என்னும் ஊரில் 1902-ம் ஆண்டில் செய்யத் தொடங்கிய ஒரு கரிய பசை. பீர் வடித்தபின் தொட்டியில் மிஞ்சும் ஈஸ்ட்டை உப்பிட்டு, அதன் அணுக்கள் உடைந்து சாறு விடும்படி செய்து, சக்கையை நீக்கிக் காய்ச்சிக் குறுக்கினால் இப்பசை கிடைக்கும். ஈஸ்ட் நமக்குப் புதிய வஸ்துவன்று. கள்ளை நுரைக்கச் செய்வதும், கள் தெளித்த ஆப்பமாவை இரவில் பொங்கச் செய்வதும் அதுவே. அந்நாட்டார் இப்பசையை ரொட்டியின்மேல் மெல்லியதாகத் தடவி உண்பர். அதன் உப்புச் சுவையில் சிலர் மயங்குவர், சிலர் புட்டியைத் திறந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொள்வர், நடுநிலையாளர் சொற்பம். கோட்டைக்குப்பத்தில் கருவாடு காயும் மணல்வழியே செல்லும் வெளியூராரின் முகத்தைப் பார்த்திருக்கும் நாம் இதைக் கண்டு வியக்க வேண்டுவதில்லை.

எனினும், இப்பசையைப்பற்றி இங்கே எழுதுவது அதன் ருசிக்காக அன்று. நம் மாகாணத்துத் தாய்மார் பலரின் பிராணனோடு அது சம்பந்தப்பட்டிருக்கிறது.

1928-ல் டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார் பம்பாய்க்கு வந்து, அங்கே நெசவாலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் காணும் கொடிய இரத்தசோகையை ஆராயத் தொடங்கினார். அந்நோயில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்துக் காணும். பின்னர்க் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நம் ஜனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் வைத்தியசாலையிலும் அம்மையார் உழைத்தார். நோயாளிகளின் ஆகாரத்தில் கீரை, காய், கனி மிகக் குறைவு என்பதைக் கண்டு, குறை ஆகாரத்திலேயே இருக்கவேண்டும் என ஊகித்தார். ஈஸ்ட் சத்து விலை மலிவாய்க் கிடைத்தமையால் மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். வெளுத்துக் களைத்துக் கிடந்தவர்கள் தேறினார்கள். 1931-லேயே இது பிரசுரமாயிற்று. மிகவும் சுத்தி செய்த ஈரல் மருந்து வேறுவகைச் சோகையைத் தீர்த்தும் இந்நோயைத் தீர்க்கவில்லை. ஆகவே ஈஸ்ட்டில் வேறொரு சத்து உண்டென்பது தெளிவாயிற்று. 1934–35-ல் இலங்கையில் மலேரியா பரவியபோதும் சூரிய மல் இயக்கத் தொண்டர்கள் மெலிந்த ஜனங்களுக்கு மார்மைட் வழங்கினர்.

அந்தச் சத்தை 1941-ல் பசலையினக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள், லத்தீன் பாஷையில் இலையைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். பீர்த் தொட்டியின் கசட்டில் தேடிக் கண்டது நம் கொல்லை முருங்கையிலும் இருந்தது!

இனி நம் குப்பங்களின் விஷயம். மீன் உயர்ந்த ஆகாரமே. பி12 என்னும் சத்து அதில் உண்டு. சிறுமீனை முள்ளோடு உண்டால் சுண்ணச்சத்தும் கிடைக்கும். ஆனால் போலிக் அமிலம் மீனில் சொற்பமே. கருவாடு அக்குறையைத் தீர்க்காது. முகத்துவாரம் மணல்மூடி மீன்பாடு குறையும் மாதங்களில் வீட்டில் முதலில் குறைவது பருப்பும் கீரையுமே. கடைசியாக உண்பவள் பெண். கர்ப்பிணி இரு உயிர்க்கு உண்ண வேண்டியவள். மீன்கூடை சுமந்து திரும்பி, மிச்சச் சோற்றை மீன்குழம்பின் அடியோடு பிசைந்து உண்டு அவள் படுத்துக்கொண்டால், அதைச் சிக்கனம் என்று சொல்ல எமக்கு மனமில்லை.

மார்மைட் இந்நாட்டில் இன்று மலிவான சரக்கன்று, உப்பும் மிகுதி. அதை வரவழைக்கவேண்டிய அவசியமும் இல்லை. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றில் இச்சத்து நிறைய உண்டு. இவற்றைச் சங்கம் மொத்தமாக வாங்கி, மீன்பாடு குறைந்த மாதங்களில் அங்கத்தினருக்குக் கடனாய் அளந்து கொடுக்கலாம். வலைக்கும் படகுக்கும் கடன் கொடுக்கும் சங்கத்துக்கு இது பெரிய காரியமன்று. முருங்கை மணலிலும் வேர்பிடிக்கும். பாத்திரம் கழுவும் ஜலத்தை அதற்கு விட்டால் போதும். கீரையை வெகுநேரம் வேகவைத்து நீரை இறுத்துக் கொட்டுவோர், சத்தில் பெரும்பங்கைக் கொட்டிவிடுகிறார்கள். மூடிச் சிறிதே வேகவைத்து, அந்நீரை ரசத்தில் சேர்க்கவேண்டும்.

ஆகாரம் மட்டும் கர்ப்பிணிக்குப் போதாது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள் உண்ணும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம்வரை போலிக் அமிலம் உண்டால், சிசுவுக்கு முதுகுத்தண்டு மூடாமற்போகும் ஊனம் பெரிதும் குறையும் என்பது 1991-ல் உறுதியாயிற்று. ஆகையால் புதுமணப் பெண்கள் முன்னதாகவே செவிலியரைக் கலந்துகொள்வது நலம். இரும்பு மாத்திரையால் மலம் கறுத்தால் அஞ்சி நிறுத்தவேண்டாம், அது இயல்பு. மாத்திரையைத் தேநீர், காப்பியோடு விழுங்காமல், உணவுக்குப்பின் சற்றுநேரம் கழித்து எலுமிச்சைச் சாறு கலந்த நீருடன் உட்கொள்வது நன்று.