நிறுவன உளவியல் பயில விண்ணப்பிப்போம்

பணியிடத்தில் மனித மனம் இயங்கும் முறையை ஆராய்வதே நிறுவன உளவியல். இதில் முதுகலை பயில விண்ணப்பிக்கவிருக்கும் மாணவன் என்ற முறையில் சில கூறுவேன்.

1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி உயரவில்லை. டாவிஸ்டாக் நிறுவனத்து ஏ. கே. ரைஸ் ஆராய்ந்தார். வேலை துண்டு துண்டாகப் பிரிந்து, எவருக்கும் முழுப் பொறுப்பு இல்லாதிருந்ததைக் கண்டார். சிறு குழுக்களிடம் தறித் தொகுதிகள் ஒப்படைக்கப்பட்டன. உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது.

விண்ணப்பிப்போர் முதலில் தகுதியைப் பார்க்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இளங்கலை உளவியல் கேட்கின்றன. சில எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு உண்டு. புள்ளியியல் அடிப்படையை இப்போதே படித்துக்கொள்வது நலம்.

‘ஏன் இத்துறை?’ என்ற வினாவுக்கு என் விடை சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்தான். கிள்ளுவோர், அடுக்குவோர், கட்டுவோர் ஆகியோருள் ஒருவர் தாமதித்தாலும் சரக்கு சந்தைக்குப் பிந்தும். வாடிய வெற்றிலைக்கு விலையில்லை. அங்கே யார் சொல்லை யார் ஏற்கிறார், ஏன் ஏற்கிறார் என்பதே இத்துறையின் கேள்வி. நகரத்தார்க்கே உரிய படிப்பென்று நண்பர்கள் தயங்க வேண்டா. உழைப்பைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.