பழைய ஜிப்சியின் ஆட்டம் நிற்க

பழைய மாருதி ஜிப்சியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் தூக்கலாம்?" என்பதுதான். அடுத்த கேள்வி டயர் அளவு பற்றியதாக இருக்கும். வண்டி அறுபதைத் தொட்டதும் ஒரு சின்னக் குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு ஆடுகிறதே, அதைக் கடைசியில் போகிற போக்கில் சொல்வார்கள். ஆட்டத்தை முதலில் நிறுத்துங்கள் என்பதே என் பதில். கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் அந்த வண்டி எப்படி இருந்ததோ, அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு உயரத்தைப் பற்றிப் பேசலாம்.

என் வண்டி ஓடுவது கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, உடனே மறுபக்கம் திருப்ப வேண்டும். முன்சக்கர மூட்டுகளில் எங்கே தேய்மானம் இருந்தாலும் இந்தச் சாலை காட்டிக் கொடுத்துவிடும். மிளகு மூட்டையும் ஆட்களுமாக இறங்கும்போது அந்தத் தேய்மானம் உயிர் விஷயமாகிறது.

ஜிப்சி 1985இல் 970 சி.சி. எஞ்சினோடு எம்.ஜி.410 என்ற பெயரில் வந்தது. 1993இல் அகலமான சக்கர இடைவெளியும், 1996இல் வந்த எம்.ஜி.413 டபிள்யூவில் 1300 சி.சி. எஞ்சினும் கிடைத்தன. அடிப்படை மட்டும் மாறவில்லை. ஏணிபோன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் ஒரே துண்டாக ஓடும் ஆக்ஸில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், பால் வகை ஸ்டீயரிங் பாக்ஸ். கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியது இந்தப் பகுதியில் எதுவுமே இல்லை. ஜாக்கி, ஸ்பேனர் செட், ஒரு கொக்கித் தராசு, உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். இந்த வண்டியை நான் நேசிப்பதற்கு அது பெரிய காரணம்.

ஆட்டம் என்றதும் பல பட்டறைகளில் ஸ்டீயரிங் டேம்பர் மாட்டிவிடுவார்கள். அல்லது ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவை இறுக்குவார்கள். இரண்டிலும் ஆட்டம் உடனே குறைந்ததுபோல் தெரியும். டேம்பர் அதிர்வை விழுங்கும், தேய்ந்த மூட்டைச் சரிசெய்யாது. உள்ளே தேய்மானம் வளர்ந்துகொண்டே போய், டேம்பராலும் தாங்க முடியாத நாளில் மொத்தமாக வெளியே வரும். அதனால் ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் டேம்பர் வாங்காதீர்கள்.

பார்க்கும் முறை எளிது. டயர் காற்றையும் வீல் பேலன்ஸையும் முதலில் சரிபார்த்துவிடுங்கள். பிறகு நான்கு சக்கரமும் தரையில் இருக்க, எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள், விரலை வைத்தும் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் அந்த மூட்டில் பிளே இருக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் உட்காரும் இடத்தையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். போல்ட் தளர்ந்திருக்கலாம், பழைய வண்டியில் அந்த இடத்து இரும்பே விரிசல் விட்டிருக்கலாம்.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில். அப்போதும் ஆடினால் கிங்பின்னில். பிரேக் பிடித்தவுடன் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால் மிச்சமிருக்கும் அசைவு கிங்பின்னுடையதாகத்தான் இருக்க முடியும். இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பேரிங் செலவு மிச்சமாகும்.

என் அனுபவத்தில் ஜிப்சி ஆட்டத்துக்கு முதல் காரணம் கிங்பின் பேரிங்தான். கதவுக்குக் கீல்போல, சக்கரம் திரும்புவது இதன்மேல். பக்கத்துக்கு இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று, கூம்பு உருளைப் பேரிங்குகள். மற்ற பேரிங்போல இவை முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. நேர்ச்சாலையில் ஒரே இடத்தில் நின்றபடி அடி வாங்குகின்றன. நாளாக ஆக உருளைகள் பேரிங் கப்பில் பள்ளம் விழவைத்துவிடும். கழற்றிய கப்பைத் துடைத்து நகத்தால் வருடினால் வரிவரியாகத் தட்டுப்படும். ஸ்டீயரிங் நடுவில் வந்ததும் ஏதோ ஒரு குழியில் விழுந்து நிற்பதுபோல் தோன்றும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

பேரிங் மாற்றுவது கஷ்டமில்லை. மாற்றியபின் இறுக்கத்தை அளந்து வைப்பதில்தான் பாதிப் பேர் தவறவிடுகிறார்கள். கிங்பின் தட்டுக்கடியில் மெல்லிய ஷிம்கள் இருக்கும். கழற்றும்போதே வலது மேல், வலது கீழ், இடது மேல், இடது கீழ் என்று தனித்தனிக் கவரில் எழுதிப் போட்டுவிட வேண்டும். புதுப் பேரிங்கைப் பழைய ஷிம்மோடு போட்டு, நக்கிள் சீலை மாட்டாமல், டை ராட் சேரும் துளையில் கொக்கித் தராசை மாட்டி இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைந்தால் ஷிம் எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். "கையாலேயே தெரியும் தம்பி, தராசெல்லாம் எதுக்குங்க" என்று ஒரு மூத்த மெக்கானிக் சொன்னார். அவர் கை நல்ல கைதான். ஆனாலும் அவர் வைத்த இறுக்கத்தைத் தராசில் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. அன்றிலிருந்து அவர் பட்டறைச் சுவரில் ஒரு தராசு தொங்குகிறது.

நக்கிளைத் திறந்த கையோடு ஆக்ஸில் குழாயின் உள்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். அந்தச் சீல் போனால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் இறங்கி, கிரீஸைக் கரைத்து, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்பாக வழியும். சீல் விலை சொற்பம். அதற்காக மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கும் கூலி அப்படியில்லை. உள்ளே இருக்கும் ஜாயிண்டுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ் நல்லது.

இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் ராட், இவற்றின் எண்ட்கள் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளே இருந்தால் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவது நல்லது. கழற்றும்போது மரையின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். புல்லர் இல்லையென்றால் துளையின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் கழன்றுவிடும். நட்டை அளவாக இறுக்கியதும் காட்டர் பின் துளை பொருந்தவில்லையென்றால் அடுத்த வெட்டு வரைக்கும் இறுக்குங்கள், தளர்த்திப் பொருத்தாதீர்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸைத் தொடுவது கடைசியில். மேல் ஸ்க்ரூவால் சரிசெய்ய முடிவது சக்கரம் நேராக இருக்கும்போதுள்ள பிளேயை மட்டும்தான். தேய்மானமும் அந்த நடுப்பகுதியில்தான் அதிகம். நடுவில் பிளேயே இல்லாதபடி இறுக்கினால், திருப்பத்தில் பாக்ஸ் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராத வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் ஆபத்து புரியும். டிராக் ராடைக் கழற்றிவிட்டு, துளித் துளியாக இறுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்து நிறுத்த வேண்டும். அதற்கும் அடங்காத பிளே என்றால் பாக்ஸையே பிரித்தாக வேண்டும்.

இனி பட்டை. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் இருப்பது எனக்குப் பெரிய வசதி, ஸ்பிரிங் வேலை தெரிந்த கைகள் அங்கே நிறைய. ஆனால் லாரிக்கும் ஜிப்சிக்கும் ஒரே வைத்தியம் செய்யக்கூடாது. வண்டி தொங்கிவிட்டது என்றதும் ஒரு பட்டையைக் கூடச் சேர்த்துவிடுவார்கள். அப்போது ஏற்கெனவே முரடான ஜிப்சி இன்னும் குதிக்கும். குதிக்கிற சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. சிலர் கேஸ் டார்ச்சால் சூடு காட்டி வளைப்பார்கள், அதை நான் ஒருபோதும் அனுமதிக்கமாட்டேன். சிலிக்கான் மாங்கனீசு சேர்ந்த ஸ்பிரிங் எஃகுக்கு உயிரே அதன் பதம். டார்ச் பட்ட இடத்தில் பதம் போய்விடும், சில மாதத்தில் மறுபடி தொங்கும் அல்லது அங்கேயே முறியும். குளிர்ந்த நிலையிலேயே அடித்தோ அழுத்தியோ வளைவு எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். விரிசல் கண்ட பட்டையை வளைப்பதில் பயனில்லை, புதிது வாங்க வேண்டியதுதான்.

பிரித்த பட்டைகளைத் துரு போகத் தேய்த்து, நடுவில் கிராஃபைட் கிரீஸ் தடவிச் சேர்த்தாலே சவாரியில் பெரிய மாற்றம் தெரியும். துருவேறிய பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராமல் இருப்பதைத்தான் பலர் "ஜிப்சி என்றாலே தூக்கிப்போடும்" என்கிறார்கள். மாற்றம் வேண்டுமென்று காசு செலவழிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது பாரபோலிக் பட்டை. நடுவில் தடித்து நுனியில் மெலியும் இரண்டு மூன்று பட்டைகள், நடுவிலும் நுனியிலும் மட்டும் தொட்டுக்கொள்வதால் உரசல் குறைவு. உரசல் குறைந்தால் அடக்கும் வேலை முழுக்க ஷாக் அப்சார்பர் தலையில் விழும். நல்ல ஷாக் போடாமல் பாரபோலிக் மட்டும் போட்டால் வண்டி மிதக்கும்.

சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் எப்போதும் புதிது. பட்டைக் கண்ணில் ரப்பர் புஷ்ஷே என் தேர்வு. பாலியூரித்தேன் நீடித்து உழைக்கும், ஆனால் மலைப்பாதையில் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்போது ரப்பர்தான் விட்டுக்கொடுக்கும். ரப்பர் புஷ் போட்டால் அதன் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கி, எடை பட்டை மேல் வந்தபிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர், வண்டி இறங்கியதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புது புஷ் ஏன் இத்தனை சீக்கிரம் போனது என்று கேட்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

உயரத்துக்கு இப்போது வருகிறேன். மலிவான வழி என்று, பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் சேக்கிளை நீளமானதாக மாற்றுகிறார்கள். ஜிப்சியில் முன்பட்டையின் சேக்கிள் முன்நுனியில் இருக்கிறது. அது நீண்டால் பட்டை மூக்கு தாழ்ந்து, ஆக்ஸில் முன்பக்கம் சாய்ந்து, கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம் குறையும். கம்பெனி வைத்த காஸ்டர் மூன்றரை டிகிரி. திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதும், நேர்ச்சாலையில் வண்டி அலையாமல் போவதும் அதனால்தான். சாய்வைத் திருத்த பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே, தடித்த பக்கம் முன்னால் வரும்படி இரும்பு ஆப்பு வைக்கலாம். ஆனால் அது முன் டிஃபரன்ஷியலின் மூக்கைக் கீழே தள்ளி, புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டின் கோணத்தைக் கெடுக்கும். ஒன்றை இழுத்தால் மற்றொன்று வரும் இடம் இது.

ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றி ஐந்து அங்குலம்வரை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாறையேறும் போட்டி வண்டிக்கு அதில் அர்த்தம் உண்டு. குடும்பத்தோடு மலையிறங்கும் வண்டிக்கு வேண்டாம் என்று திடமாகச் சொல்வேன். டிராக் ராட் சரிந்துவிடும், சக்கரம் குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். பிரேக் ஹோஸ் நீளம் போதாது. வளைவில் வண்டி சாயும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இருக்கிறது, கம்பெனி அமைப்பை மாற்றிய வண்டிக்கு எஃப்.சி. எடுப்பதிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

எந்த மாற்றமும் கூடாது என்றில்லை; சிறிய காரின் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்துவதை நான் எதிர்க்கவில்லை. வயதானவர்கள் ஓட்டும் வண்டிக்கு அது வரம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. மூட்டுகள் எல்லாம் சரியானபிறகே மாட்ட வேண்டும், ஏனென்றால் மோட்டாரின் பலம் தேய்ந்த மூட்டை இன்னும் வேகமாகத் தின்னும், அந்தத் தேய்மானத்தைக் கைக்குத் தெரியாமலும் செய்துவிடும். மற்றது, ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை வெட்டி வெல்டிங் வைத்து நீட்டக்கூடாது. பல்லிட்ட முனையோடு சரியான அளவில் செய்து போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு. 2 மி.மீ. முதல் 6 மி.மீ.வரை இருக்கலாம். இரண்டு டயரின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஆக்ஸில் உயரத்தில் முன்பக்க இடைவெளியையும், வண்டியை அரைச் சுற்று உருட்டிப் பின்பக்க இடைவெளியையும் அளந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும், பின்பக்கம் அந்த அளவுக்கு அதிகமாக இருக்க வேண்டும். அதன்பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு யூ போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். புதுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது யூ போல்ட் தளரும், தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்ஸில் இடம் மாறும். கிங்பின் போல்ட்டுகளையும் அன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.