ஆறு ஆதாரங்களில் மூச்சும் மனமும்: பினாங்கில் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குண்டலினி என்றதும் புதிதாக வருபவர்கள் கேட்பது, "சக்தி எப்போது மேலே ஏறும்?" என்றுதான். ஏற்றுவதற்கு முன் இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். இந்த வழிகாட்டி முழுக்க அதையொட்டியே அமைந்திருக்கிறது.

மலாயாவுக்கும் இந்தக் கலைக்கும் பழைய உறவு உண்டு. 1887-இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913-இல் கப்பலேறி வந்து சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகு நாடு திரும்பி, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். பிராணாயாமத்துக்கும் குண்டலினிக்கும் தனித்தனி நூல்கள் எழுதியவர் அவர். மூச்சை வருத்தக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். நோயாளிகளோடு பழகிய கை அல்லவா!

நேரமும் இடமும்

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பிரம்ம முகூர்த்தம் நாலு, நாலரை மணி என்றிருக்கும். அதை அப்படியே பின்பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிகிறது. 1982-இல் நம் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து பினாங்கில் பொழுது விடிய ஏழு, ஏழரை ஆகிறது. ஆகவே இங்கே காலை ஐந்தரைக்கு மேல் எழுந்தால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது தோதான நேரம்.

வெறும் வயிற்றில் உட்காருங்கள். மாலையில் செய்வதானால், நாசி கண்டார் சாப்பிட்ட பிறகு மூன்று மணி நேரமாவது போகட்டும். தண்ணீர்மலை அடிவாரத்தில் உள்ள தாவரவியல் பூங்காவில் விடிகாலைக் காற்று நன்றாக இருக்கும். ஆனால் கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் உங்களைக் கண் மூட விடாது! புகைமூட்ட நாட்களில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் ஆழ்ந்து மூச்சு விடவே கூடாது. வீட்டுக்குள் சன்னலை மூடிவிட்டு, தியானத்தை மட்டும் செய்யுங்கள்.

உட்காருவது

பத்மாசனம் கட்டாயமில்லை. முதுகும் கழுத்தும் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையில் பதிக்கலாம்.

முதல் படி: வயிற்று மூச்சு

ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். மூச்சு உள்ளே போகும்போது வயிற்றின் மேலிருக்கும் கை மட்டும் எழ வேண்டும். இரண்டு வாரம் இது ஒன்றே பயிற்சி, தினமும் பத்து நிமிடம். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகும் படி இது. பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் விதைக்கப்படுகின்றன.

இரண்டாம் படி: நாடி சுத்தி

வலது பெருவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். பிறகு மோதிர விரலால் இடது நாசியை மூடி, வலது நாசியால் ஆறு எண்ணும்வரை விடுங்கள். அடுத்து வலப்பக்கம் இழுத்து இடப்பக்கம் விடுங்கள். இது ஒரு சுற்று. ஐந்து சுற்றில் தொடங்கி மெதுவாக ஒன்பதுக்கு வரலாம்.

ஓர் எண்ணை ஒரு நொடியாகக் கொண்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வருகிறது. சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு, செபமாலை சொல்பவர்களிடமும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரம் சொல்பவர்களிடமும் இதே ஆறு மூச்சைக் கண்டது. அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து சீரடைவதாக 2001-இல் எழுதினார்கள்.

திருமந்திரம் சொல்லும் கணக்கு வேறு: 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. அது ஆசானின் கண்பார்வையில் வளர்ந்தவர்களுக்கு உரியது. தொடக்கத்தில் மூச்சை அடக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: ஆதாரங்கள் வழியே

எருவாய்க்கும் கருவாய்க்கும் நடுவில் மூலாதாரம், அடிவயிற்றில் சுவாதிட்டானம், தொப்புளில் மணிபூரகம், நெஞ்சில் அநாகதம், தொண்டையில் விசுத்தி, புருவ மத்தியில் ஆக்ஞை. ஒவ்வொன்றையும் ஒரு தாமரையாகச் சொல்வார்கள்; நான்கு, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, இரண்டு என இதழ்கள் மொத்தம் ஐம்பது. உடலை அறுத்துப் பார்த்தால் இந்தத் தாமரைகள் அகப்படா. மனத்தை ஊன்ற முன்னோர் வகுத்த இடங்கள் இவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் இவற்றின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

நாடி சுத்தி முடிந்ததும் விரலை எடுத்துவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். மூலாதாரத்தில் ஐந்து மூச்சு மனத்தை வைத்து, ஒவ்வொன்றாக ஆக்ஞை வரை வாருங்கள். சூடு, துடிப்பு, குறுகுறுப்பு தெரியலாம், தெரியாமலும் போகலாம். எதையும் தேடிப் போகாதீர்கள்.

நான்காம் படி: இறக்கம்

வந்த வழியே மூலாதாரத்துக்குத் திரும்புங்கள். ஏறியதைவிட நிதானமாக இறங்கி, அங்கே ஐந்து நிமிடம் இருங்கள். கூடுவாஞ்சேரியில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி தம் மனவளக்கலையில் இதற்கென்றே சாந்தி தவத்தை வைத்தார். ஆக்ஞையில் தொடங்குகிறவரை உச்சந்தலையிலுள்ள துரியத்துக்கு அனுப்பும் முன், மூலாதாரத்துக்கு இறக்கிப் பழக்கும் முறை அது. தலை கனத்தாலோ, நெற்றியில் அழுத்தம் நின்றாலோ, தூக்கம் கெட்டாலோ ஏற்றத்தை நிறுத்திவிட்டு இறக்கத்தை மட்டும் செய்யுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள், இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தாமாகவே ஆதார தியானத்தில் இறங்க வேண்டாம். மருந்தையும் நிறுத்த வேண்டாம். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அது சக்தி ஏறுவதன் அடையாளம் என்று யார் சொன்னாலும் நம்பாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆசானைத் தேடும்போது

மூன்று மாதம் தடையில்லாமல் செய்தபின் ஆசானைத் தேடலாம். சிவானந்தர் வழியில் பத்துமலையில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. மனவளக்கலை வகுப்புகளும் மலேசியாவில் நடக்கின்றன. எங்கே போனாலும் உங்கள் நோய்களையும் மருந்துகளையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவற்றை விசாரிக்காமல், வந்த அன்றே மூச்சை அடக்கச் சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.