குழுவில் மதிப்புப் பெறுவோர் யார்?

பத்துப் பேர் கூடினால், அவருள் ஒருவர் சொல்லுக்கே மற்றவர் செவிசாய்ப்பதைக் காண்கிறோம். அம்மதிப்பு பதவியால் வருகிறதா, குணத்தால் வருகிறதா? நம் இடுக்கி மலைத் தோட்டங்கள் இரண்டுக்கும் சான்று தருகின்றன.

முற்காலத்தில் மூணாறுத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்தவர் கங்காணி. ஊரில் முன்பணம் தந்தவரும் அவரே. மலையில் வேலை வாங்கியவரும் அவரே. அவரைக் கண்டால் தோள் துண்டு தானே இடுப்புக்கு இறங்கும். அச்சத்தால் பெறும் உயர்வு வேறு, பிறர் விரும்பித் தரும் உயர்வு வேறு என்று ஹென்ரிக், கில்-வைட் என்னும் ஆய்வாளர்கள் 2001-இல் பிரித்துக் காட்டினர். கங்காணி பெற்றது பெரும்பாலும் முன்னதே. அம்முறை ஒழிந்து தொழிற்சங்கங்கள் வந்த பின்னும், கொழுந்து பறிப்போர் பெண்கள், மேடையில் பேசுவோர் ஆண்கள் என்ற நிலை மாறவில்லை.

2015 செப்டம்பரில் அது மாறியது. 20 விழுக்காடு போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறில் கொச்சி–தனுஷ்கோடி சாலையை மறித்து அமர்ந்தனர். சங்கத் தலைவர்களை அருகே விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர்பெற்ற அக்கூட்டத்தில் லிஸ்ஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோர் முன்னே வந்தனர். எவரும் அவர்களுக்குப் பதவி தந்திருக்கவில்லை.

அமெரிக்க உளவியலார் கேமரன் ஆண்டர்சன் குழுவினர் மாணவர் விடுதிகளில் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைக்கத்தக்கது. கலகலப்பாகப் பழகித் துணிந்து பேசுவோர், ஆணாயினும் பெண்ணாயினும், குழுவில் உயர்ந்தனர். எளிதில் கலங்கும் ஆண்களின் மதிப்புத் தாழ்ந்தது. எவருக்கும் இணங்கிப்போகும் நல்ல குணமோ (நம் பாட்டிமார் கேட்டால் வருந்துவர்) மதிப்பை உயர்த்தவில்லை! முந்திப் பேசுபவரையே குழு திறமைசாலி எனக் கருதிவிடுகிறது, அவர் விடை பிறர் விடையினும் சிறந்ததாக இல்லாதபோதும் என்பது, ஆண்டர்சனும் கில்டஃபும் 2009-இல் கண்ட செய்தி.

ஆயினும் மூணாற்றில் குரல் மட்டுமே வென்றது என நான் கருதவில்லை. அதே சரிவில், அதே கூலிக்குக் கொழுந்து பறித்தவர்கள் பேசினார்கள். அதனால் கேட்டவர்கள் நம்பினார்கள். செப்டம்பர் 13-இல் நிர்வாகம் இறங்கிவந்தது: 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை. அவ்வாண்டு நவம்பரில் கோமதி தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குத் தேர்வானார். பின்னர் தலைவியரிடையே பிளவு வந்தது. சாலையில் அமர்ந்தபோது தேவைப்பட்டது துணிவு. சங்கம் நடத்தும்போது கணக்கும் பொறுமையும் தேவைப்பட்டன. இந்த இரண்டாம் பகுதியை எந்த விடுதி ஆய்வும் நமக்குச் சொல்லவில்லை.