அட்டவணையில் ஏறாத வெற்றிலை

நுண்ணுயிர்த் தொகுதி ஆராய்ச்சி என்றதும், நான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு லேபில் நிற்பதாகத்தான் புசல்லாவையில் எங்கள் லயத்து ஆட்கள் நினைக்கிறார்கள். நிற்பதே கிடையாது. வாயிலிருந்தோ குடலிலிருந்தோ யாரோ எடுத்த மாதிரிகளின் டிஎன்ஏ வரிசைகள் கோப்புகளாக வரும். எந்த பாக்டீரியா எந்த அளவில் இருக்கிறது என்று கணினியில் பிரித்துப் பார்ப்பதுதான் முனைவர் பட்டத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலை.

"என்ன சொஃப்ட்வேர் படிக்கணும் அண்ணா?" என்றுதான் இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். சைம் 2, ஆர் இரண்டும் போதும், இரண்டும் இலவசம். சைமின் 'மூவிங் பிக்சர்ஸ்' பயிற்சியை முழுதாகச் செய்யுங்கள். மடிக்கணினி திணறினால் கேலக்ஸி சேவையகத்தில் பிரவுசர் வழியாகவே ஓட்டலாம்.

மிச்ச நேரத்தை மாதிரி விவர அட்டவணைக்குக் கொடுங்கள். வயது, சாப்பாடு, மருந்து எல்லாம் அதில்தான் இருக்கும். 'கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயோட்டிக் எடுத்தீர்களா?' என்ற கேள்வி அநேகமாக எல்லாப் படிவத்திலும் உண்டு. லீவில் வந்தபோது அத்தையிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அப்படி ஒண்ணும் எடுக்கலியே மருமவனே."

"டிஸ்பென்சரிக்குப் போனீங்களா?"

"இருமலுக்குப் போனேன். செவப்பும் மஞ்சளுமா கேப்சூல் குடுத்தாங்க."

அது ஆன்டிபயோட்டிக்காகவே இருந்திருக்கலாம். ஆனால் படிவத்தின்படி அத்தை ஆன்டிபயோட்டிக் தொடாதவர். புகைப்பதில்லை, குடிப்பதுமில்லை. ஆனால் மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் இருக்கின்றன. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது. வாய் பாக்டீரியாவை ஆராயும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லையென்றால் எந்தப் புள்ளியியலும் பின்னால் ஈடு கட்டாது.

இப்படிப் படிவங்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022இல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, எடுத்த நாடு தெரிந்த மனித நுண்ணுயிர் மாதிரிகளில் 71 சதவீதத்துக்கு மேல் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் போன்ற நாடுகளின் பங்கு 1.8 சதவீதம்தான். வெற்றிலை போடும் வாய்களைத் தெரிந்த ஆள் ஆய்வுக் குழுவின் அறையில் இருப்பதே ஒரு தகுதி. கூச்சப்படாமல் பேசுங்கள்.

கணினி காட்டும் பாக்டீரியா சதவீதத்தை நம்பி ஓடாதீர்கள். ஒரு மாதிரியில் இரண்டு பாக்டீரியா, தலா 500 என்று வையுங்கள். ஒன்று 125 ஆகக் குறைந்து மற்றது அப்படியே நின்றால், நின்றதன் பங்கு 50இலிருந்து 80 சதவீதமாகும். அது பெருகவே இல்லை. படத்தில் மட்டும் பெருகியிருக்கும். இந்தப் படத்தை வைத்தே கட்டுரை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

மாதிரியே போடாத வெற்றுக் குழாயையும் சேர்த்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். டிஎன்ஏ பிரிக்கும் வேதிப்பொருள்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கலந்திருப்பதை 2014இல் ஒரு குழு விரிவாகக் காட்டியது. இரத்த மாதிரியில் பிராடிரைசோபியம் என்ற மண் பாக்டீரியா தெரிந்தால் சந்தோஷப்படுமுன் வெற்றுக் குழாயின் கோப்பைத் திறந்து பாருங்கள்.

வேலை ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம். கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதை முதல் வாரமே பேசிவிடுங்கள். நேர்முகத்தில் அவர்கள் கேட்டு முடித்ததும், "மாதிரி விவர அட்டவணையை ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அதைக் காட்டத் தயங்கும் குழுவுக்கு நான் போகமாட்டேன், சம்பளம் எவ்வளவு இருந்தாலும்.