ஏழு எண்ணிக்கையில் ஒரு கேட்டல் வகுப்பு

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று வரிசைப்படுத்துகிறோம். முதலில் நிற்கும் கேட்டலுக்கு மட்டும் தனிப் பாடவேளை இல்லை. "கவனி" என்று அதட்டுவதோடு சரி. எதைக் கவனிப்பது என்று சொல்லித்தருவது குறைவு.

எட்டாம் வகுப்பில் இதற்கு நான் எடுத்துக்கொண்டது, பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' இசைத்தொகுப்பு. ராக் இசையில் பல சோதனைகளைச் செய்து பார்த்த 'புரோகிரசிவ் ராக்' வகை. மொத்தம் ஏறக்குறைய 43 நிமிடம். ஒரே மூச்சில் கேட்க மாணவருக்குப் பொறுமை இருக்காது, நமக்கும்தான். எனவே 'மணி' என்ற ஒரு பாடல் மட்டும். பணம் என்று பொருள். மாணவர்கள் பள்ளி மணி என்றே நினைத்தார்கள்.

நாணயம் குலுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி இயந்திரம் ஒலிப்பது என ஏழு ஒலிகள் சுழன்று வரப் பாடல் தொடங்குகிறது. ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் அவற்றை ஒலிநாடாவில் பதிந்து, அளவுகோலால் அளந்து, வெட்டி ஒட்டி வளையமாக்கினார்கள். கணினி இல்லாத காலம்.

கண்ணை மூடிக் கேட்டு எத்தனை ஒலிகள் என்று சொல்லச் சொன்னேன். நான்கு, ஆறு, எட்டு எனப் பல விடைகள். மறுமுறை மேசையில் தட்டிக்கொண்டே 'தகிட தகதிமி' என்று எண்ணினோம். ஏழு பிடிபட்டது. நம் மிசிர சாப்பு தாளத்துக்கும் இப்பாடலுக்கும் உறவில்லை. எண்ணுவதற்கு அது கைகொடுக்கிறது, அவ்வளவே.

அடுத்ததுதான் உண்மையான பயிற்சி. சாக்சஃபோன் வாசிப்பு ஏழிலேயே போகிறது. பின்பு கிட்டார் வந்ததும் நான்குக்கு மாறுகிறது. மாறும் இடத்தில் கை தூக்க வேண்டும். முதலில் எழுந்தது, வாசிப்பில் பின்தங்கியோர் பட்டியலில் இருக்கும் மாணவனின் கை. "நொண்டி நடந்தது நேரா நடக்குது சார்" என்றான். ஆங்கிலப் பாடவேளையில் அவன் தானாகப் பேசிக் கேட்டது அன்றுதான். அந்தப் பட்டியல் வாசிப்பை மட்டுமே அளக்கிறது, அவன் காதை அளக்கவில்லை.

கணக்கும் கிடைக்கும். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, ஓர் எண்ணிக்கைக்கு அரை நொடி என்று வைத்துக்கொண்டால் ஒரு துண்டின் நீளம் என்ன? 7.5 அங்குலம். ஏழு துண்டுகளுக்கு 52.5. காகிதப் பட்டையை வெட்டி ஒட்டியே கண்டுபிடித்தார்கள்.

ஓர் எச்சரிக்கை: பாடல் வரிகளில் வகுப்புக்கு ஒவ்வாத சொல் ஒன்று உண்டு. தொடக்க ஒலிகளை ஒலிக்கவிட்டு, பாடும் பகுதியைத் தாண்டி, இரண்டாம் நிமிடத்தையொட்டி வரும் சாக்சஃபோனுக்குப் போய்விடுங்கள். இதே தொகுப்பின் 'டைம்' பாடலையும் பயன்படுத்தலாம். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்கடிகாரக் கடையில் ஒவ்வொரு கடிகாரமாகப் பதிந்த ஓசைகள் அதில் ஒன்றாக அலறும். ஒலியளவை முன்கூட்டியே குறைத்து வையுங்கள். பக்கத்து வகுப்பு எழுந்து வந்துவிடும்.